எதிலிருந்து நாலு விரல்?

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இன்றைக்கும் இரண்டு தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன. அங்கே தமிழ் தெரிந்தவர் இப்போது ஒருவருமில்லை. ஆனாலும் கூட்டத்தில் யாராவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் கையை நீட்டி, “நாலு விரல்?” என்று கேட்பாராம். எண்ணைச் சொன்னவர் மறுபடி எழுந்து, அதை எங்கிருந்து அளந்தார் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரலாம். சொல்லத் தெரியாதவர் அன்று எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும்.

போன மாதம் ஆன்யா எழுதியிருந்தாள். நான் அங்கே இருந்தபோது எங்கள் குழுவில் ஆக இளையவள் அவள், இப்போது குழுத்தலைவி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இந்தச் சொல்லுக்குத் தாங்களே விளக்கம் கட்டத் தொடங்கிவிட்டார்களாம். ஒருவன் இது கிழக்கு நாட்டுத் தியான முத்திரை என்றிருக்கிறான். இன்னொருத்தி, ஜெஸீமா என்ற பழைய ஆய்வாளருக்கு ஒரு விரல் போய் நாலு விரல்தான் மிச்சம் என்றிருக்கிறாள். “நீங்களே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் உங்கள் கையையே எடுத்துவிடுவார்கள்” என்று முடித்திருந்தாள்.

என் பத்து விரல்களும், அல்ஹம்துலில்லாஹ், இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாலைந்து வரி எழுதி அனுப்பிவிட்டேன். முழுக் கதையைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அதில் பாதி என் ஊரான சாய்ந்தமருதுக்கு மேற்கே, வயல் வீதியில், ஓர் ஆட்டோவுக்குள் நடந்தது என்பதுதான்.

என் தொழில் என்ன என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒற்றுமை கிடையாது. மதினி, அதாவது நான் காக்கா என்று கூப்பிடும் அண்ணனின் மனைவி, நான் வெளிநாட்டில் ஒரு செய்மதிக் கம்பனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன் என்றே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். காக்கா சொல்வது வேறு: “என்ட தங்கச்சி வால்வெள்ளி விழுத்துறவ.” அவர் கேலிக்குத்தான் சொல்கிறார். ஆனால் இரண்டில் உண்மைக்குக் கிட்ட நிற்பது அவருடைய பேச்சுத்தான். வேலைக்காலம் முழுவதும் நான் கணினிக்குள் வால்வெள்ளிகளைப் பூமியின்மீது விழுத்திக்கொண்டிருந்தேன். சின்னது, பெரியது, பனிக்கட்டி, பாதி மண், நேராக வருவது, சரிந்து வருவது என்று எத்தனையோ. நான் அழித்த அளவுக்கு இந்த உலகத்தை வேறு யாரும் அழித்திருக்க மாட்டார்கள். மாலையில் கணினியை மூடிவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் சோறாக்குவேன்.

படிப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். கணிதம் வந்தது, புலமைப்பரிசில் வந்தது, வாப்பா யோசித்தார், உம்மா விட்டார். நான் மாணவியாக இருந்த காலத்தில் ஒரு வால்வெள்ளி துண்டு துண்டாக உடைந்து வியாழக் கிரகத்தில் போய் விழுந்தது. ஒவ்வொரு துண்டு விழுந்தபோதும் வியாழனின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கொழுந்து எழும்பியதைத் தொலைநோக்கிகள் பிடித்தன. எல்லோரும் வியாழனில் விழுந்த தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கொழுந்துதான் பிடித்துப்போனது. அதைப் பிடித்துக்கொண்டே வேலைக்கும் வந்துவிட்டேன்.

அந்தக் கொழுந்தை நாம் புகைத்தூண் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது புகையுமில்லை, தூணுமில்லை. வால்வெள்ளித் துண்டொன்று காற்றுக்குள் பாய்ந்து வரும்போது, தன் பின்னால் காற்றை விலக்கி ஒரு வழியைத் திறந்துவிட்டு வருகிறது. கீழே வந்து வெடித்ததும், கொதிக்கும் வாயுவும் தூளும் வெளியேற லேசான வழியைத் தேடும். அந்தத் திறந்த வழியே கிடக்கிறது. ஆகவே வால்வெள்ளி எந்தப் பக்கமிருந்து வந்ததோ, அந்தப் பக்கமாகவே எல்லாம் திரும்பப் பீச்சியடித்து மேலே போகும். நட்டு முடியாத வயல் சேற்றுக்குள் காலைச் சரித்து வைத்துப் பாருங்கள். கால் போன துளை வழியேதான் சேறு திரும்பிப் பீச்சும், அதுவும் கால் சரிந்த பக்கமாகவே. எங்கள் ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வயலில் அது இடுப்பில் கட்டிய சாரத்தை நாசமாக்கும். வானத்தில், செய்மதிகள் ஓடும் உயரம் வரைக்கும் போகும். செய்மதியோ துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக ஓடுவது. அந்த வேகத்தில் மெல்லிய தூசுக்குள் புகுந்தாலே அதன் கண் போகும், சிறகுபோல விரித்திருக்கும் சூரியத் தகடு போகும், சில வேளை அதுவே சுழன்று போகும். வால்வெள்ளி யாருமில்லாத கடலில் விழுந்தாலும் மேலே ஓடுகிறவர்களுக்குப் பாதுகாப்பில்லை. எந்தச் செய்மதியை விலக்குவது, எதை அப்படியே விடுவது என்று முன்கூட்டிச் சொல்வதுதான் எங்கள் குழுவின் வேலை.

குழுவின் தலைவர் ஹென்ரிக். நெடிய மனிதர், பேச்சுக் குறைவு, கோடையிலும் கம்பளித் தொப்பி. அவருடைய வாயிலிருந்து ‘நல்லது’ என்ற சொல்லை நான் கேட்டதில்லை. நாட்கணக்கில் ஓடி முடிந்த கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால், தொப்பியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “இன்னொரு தடவை ஓட்டுங்கள்” என்பார். தொப்பி நகராவிட்டால் இரண்டு தடவை ஓட்ட வேண்டும்.

அவர் வைத்திருந்த முறைகளை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. கணக்கை ஓட்ட முன்னர், என்ன விடை வரும் என்று நினைக்கிறோமோ அதைச் சுவரில் தொங்கும் கரும்பலகையில் எழுத வேண்டும். விடை அதற்கு ஒத்து வந்தால் சந்தோஷப்படக் கூடாது. ஏன் இவ்வளவு ஒழுங்காக வந்தது என்று தேட வேண்டும். படத்தில் சிவப்பு நிறம் கூடாது. சிவப்பைக் கண்டால் மேலதிகாரிகள் பயந்து தீர்மானம் எடுக்கிறார்களாம், பச்சையைக் கண்டால் தீர்மானமே எடுக்கிறார்களில்லையாம். ஆகவே எங்கள் உலக அழிவுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் நடந்தன.

எல்லாவற்றிலும் பெரிய முறை, இரட்டைக் கணக்கு. ஒரே வால்வெள்ளியை இரண்டு பேர், இரண்டு வேறு கணினி நிரல்களில், ஒருவரை ஒருவர் கேளாமல் விழுத்த வேண்டும். ஒரு நிரல் என்னுடையது, பழையது. மற்றது ஆன்யா எழுதியது, புதியது, வேகமானது, என்னுடையதைவிட அழகாக உடுத்தியது. இரட்டைக் கணக்கு நடக்கும் நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் பகலுணவு சாப்பிடவும் ஹென்ரிக் விடமாட்டார். சூப்பைப் பற்றித்தானே பேசுகிறோம் என்று நான் ஒருமுறை சொன்னேன். “சூப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கும்” என்றார்.

இரண்டு நிரல்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். விண்ணிலிருந்து விழுகிறவை பெரும்பாலும் நாற்பத்தைந்து பாகைச் சரிவை ஒட்டியே வரும் என்பதால், பரீட்சை வால்வெள்ளியும் எப்போதும் நாற்பத்தைந்து பாகையில்தான் வரும். வருடக்கணக்காக அது அப்படியே வந்தது, நாங்களும் அப்படியே விழுத்தினோம், இரண்டு நிரல்களும் அச்சொட்டாக ஒத்துப்போயின. ஹென்ரிக்கின் தொப்பிகூட அசைந்தது.

இனிக் கிழவியைச் சொல்ல வேண்டும்.

கிழவி என்பது எங்கள் பொறுப்பிலிருந்த செய்மதிகளில் ஆகப் பழையது. ஆவணங்களில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் இருந்தது. கிழவி நான் வைத்தது. கடல்மேல் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் அடிக்கிறது என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்வது அவளுடைய வேலை. நாளாந்தம் வங்காள விரிகுடாவைக் கடப்பாள். புயலொன்று பிறக்கும் முன், காற்று வட்டமாகத் திரும்பத் தொடங்கும்போதே கண்டுவிடுவாள். எங்கள் கரையில் மீனவரின் தொலைபேசிக்கு வரும் எச்சரிக்கைக்குள் அவளுடைய கண்ணும் இருக்கிறது. அவளுக்குப் பதிலாக ஏவ வேண்டிய புதிய செய்மதி இன்னும் கடதாசியில்தான் இருந்தது.

காக்காவிடம் ஒரு மெசின் போட் இருக்கிறது. வாப்பா காலத்திலிருந்தே கடல்தான் எங்கள் சோறு. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் எங்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. உம்மாவை அன்று இழந்தோம். கிழவியால் அப்படியான அலையைச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அவளால் முடிந்தது புயலைச் சொல்வது மட்டும். ஆனாலும் என் ஊரைப் பார்த்துக்கொள்ள மேலே ஓர் ஆள் இருக்கிறாள் என்பதில் எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். “உங்கள் கிழவி எப்படி?” என்று, வீட்டில் இருக்கும் மாமியாரை விசாரிப்பதுபோலக் கேட்பார்கள்.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு விடுமுறை எடுத்து ஊருக்கு வந்திருந்தேன். பெருநாள் நெருங்க, பழைய வால்வெள்ளியொன்றிலிருந்து கழன்ற துண்டு பூமியை நோக்கி வருவதாகச் செய்தி வந்தது. ஒரு பெரிய வீடளவு இருக்கும். கப்பல்கூட அரிதான தென்கடலின்மீது காற்றிலேயே வெடிக்கும்; தரையில் யாருக்கும் ஒன்றுமில்லை. மேற்கிலிருந்து, இருபது பாகையில் வருகிறது என்றார்கள். ஆனால் அது வெடிக்கும் நேரத்துக்குக் கிட்டத்தான் கிழவி அந்தக் கடலுக்கு மேலே போவாள்.

நான் ஊர் வீட்டிலிருந்தே என் நிரலை ஓட்டினேன். மதினி வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். காக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன புள்ள, பெருநாளைக்கும் உலகத்த அழிக்கயா?”

“இது மெய்யா வருது காக்கா. தெக்குக் கடலுக்குள்ள.”

“கடலுக்குள்ள கல்லு உழுந்தா ஆருக்கென்ன? மீனுக்குச் சொல்லி உடு” என்றுவிட்டுப் போனார்.

விடை வந்தது. என் கணக்கின்படி புகைத்தூண் மேற்கே நன்றாகச் சாய்ந்து எழும்பும். கிழவி அதன் பாதையில் இல்லை. இருந்தபடி போனால் தப்புவாள். ஆன்யாவின் விடையும் ஹென்ரிக்கிடம் போயிருந்தது. அவளுடைய கணக்கில் புகைத்தூண் ஏறக்குறைய நேராக மேலே, கிழவி கடக்கும் இடத்துக்கே எழும்புகிறது. அவளைத் தாமதப்படுத்தி, பாதையை மேற்கே தள்ள வேண்டும் என்று வந்தது.

சிக்கலைப் பாருங்கள். ஆன்யா சொல்வது சரியென்றால், நகர்த்தாவிட்டால் கிழவி அழிவாள். நான் சொல்வது சரியென்றால், நகர்த்தினால் நேரே கொண்டுபோய்ப் புகைத்தூணுக்குள் தள்ளியதாகும். அதுவுமில்லாமல் அவளிடம் மிஞ்சியிருந்த எரிபொருள் ஒரு பெரிய நகர்வுக்கு மட்டும் காணும். தப்பினாலும் அதன்பின் அதிக காலம் மேலே நிற்க மாட்டாள்.

பிறை பார்க்கும் மாலை ஹென்ரிக் அழைத்தார். நகர்த்துவதென்றால் இன்னும் சற்று நேரத்துக்குள் கட்டளை போக வேண்டும் என்றார். மேலதிகாரிகள் புதிய நிரலையே நம்புகிறார்கள், சும்மா இருந்து இழப்பதைவிட ஏதாவது செய்து இழப்பது அவர்களுக்கு வசதி என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “உங்கள் கணக்கில் எங்கே பிழை இருக்கலாம் என்று தேடுங்கள். ஆன்யாவும் தேடுகிறாள்” என்றார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

பிறை பார்க்கும் மாலையில் எங்கள் ஊரில் தொலைபேசி வேலை செய்யாது. பிறை கண்டதா இல்லையா என்று கேட்க எல்லோரும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். கொழும்பிலிருந்து முடிவு வரும் வரைக்கும் ஒருவருக்கும் பொறுமை கிடையாது. நான் கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தேன். மதினிக்கு என் முகத்தைப் பார்க்கப் பயம் பிடித்துவிட்டது.

“வயல் வீதியில டவர் ஒண்டு இரிக்கி. அங்க கிடைக்கும்” என்றார் காக்கா. “நான் பிறை பாக்கப் போறன். ஏறு.”

எங்கள் ஊரில் கடல் கிழக்கே. சூரியன் மேற்கே, வயல் பக்கம் மறையும். ஆகவே பிறை பார்க்க எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் வீதிக்குத்தான் போவார்கள். ஆட்டோவை ஓட்டியவர் காக்காவின் கூட்டாளி கலீல். இருவருக்கும் வருடா வருடம் ஒரு போட்டி, பிறையை முதலில் கண்டவர் யார் என்று. போகும் வழியெல்லாம் அதைத்தான் கதைத்தார்கள். எனக்கு இருவரையும் இறக்கிவிட்டு நானே ஓட்டலாம் போலிருந்தது.

வயல் வீதியில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். நான் ஆட்டோவின் பின் இருக்கையில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு என் நிரலை வரிவரியாகப் பார்த்தேன். வால்வெள்ளியின் அளவு சரி, வேகம் சரி, காற்றின் அடர்த்தி சரி, பாகை இருபது, சரி. பிழை எங்குமில்லை. பிழையில்லாத கணக்கைப் போலப் பயங்கரமான ஒன்று கிடையாது. பிடித்துத் தொங்க ஒரு கொப்பும் இருக்காது.

அப்போது வெளியே ஆரவாரம். காக்கா பிறை கண்டுவிட்டார். கலீலும் கண்டுவிட்டார். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

பள்ளிவாசல் மௌலவி அங்கேயே நின்றார். சாட்சி என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. கண்டவர்களைப் பிரித்து, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேளாதபடி விசாரிப்பார். கலீலை மதகுக்கு அப்பால் அனுப்பினார். காக்காவை ஆட்டோவுக்குப் பக்கத்தில், எனக்குக் கேட்கும் தூரத்தில் நிறுத்தினார்.

“எங்க நிண்டு கண்டீங்க?”

“இந்தக் கரண்டுக் கம்பத்தடியில.”

“சூரியன் மறைஞ்ச இடத்துக்கு எந்தப் பக்கம்?”

“கொஞ்சம் வலப்பக்கம்.”

“கொம்பு எப்படிக் கிடந்திச்சு?”

“தோணி மாதிரி, மேல பாத்து.”

“எவ்வளவு உசரம்?”

காக்கா கையை நீட்டி விரல்களை அடுக்கினார். “நாலு விரல்.”

மௌலவி மதகுக்கு நடந்து கலீலிடமும் அதே கேள்விகளை அதே ஒழுங்கில் கேட்டுவிட்டு வந்தார். கலீல் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லியிருந்தார், உயரத்தைத் தவிர. ஒரு விரல்தான் என்று அடித்துச் சொன்னாராம்.

கூட்டத்தில் ஒருவர், “அப்ப ரெண்டு பேரில ஒராள் பொய்” என்றார். இன்னொருவர், “ரெண்டு பேரும்” என்றார். காக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. நோன்பு பிடித்துக்கொண்டு பொய் சொல்வேனா என்று மதகைப் பார்த்துக் கத்தப் போனவரை மௌலவி தோளில் தட்டி நிறுத்தினார். அவருக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

“எதிலிருந்து நாலு விரல்?” என்று கேட்டார்.

“வயல் மட்டத்தில இருந்துதான். வேற எதில இருந்து?”

மௌலவி மதகைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “கலீல், எதிலிருந்து ஒரு விரல்?”

“அந்தத் தென்னந்தோப்பு உச்சியில இருந்து மௌலவி.”

மௌலவி கையை நீட்டி, வயல் மட்டத்திலிருந்து தென்னையின் உச்சிவரை விரல் வைத்துப் பார்த்தார். மூன்று விரல். “ரெண்டு பேரும் கண்டது ஒரே பிறைதான்” என்றார். “கொழும்புக்குச் சொல்லுங்க.”

நான் திரையில் அந்த இருபதைத் தேடிப் பிடித்தேன். சரிவைத் தரையிலிருந்தும் அளக்கலாம். தலைக்கு நேர்மேலே இருக்கும் வான உச்சியிலிருந்து கீழ்நோக்கியும் அளக்கலாம். இரண்டும் எங்கள் துறையில் வழக்கத்தில் இருப்பவைதான். தரையிலிருந்து இருபது பாகை என்றால், நன்றாகச் சாய்ந்து படுத்து வருகிறது. உச்சியிலிருந்து இருபது என்றால், ஏறக்குறைய நேராகத் தலையில் விழுகிறது. எல்லாம் வேறு. ஒரேயோர் இடத்தில் மட்டும் எங்கிருந்து அளந்தாலும் ஒன்றுதான்; அது சரிபாதியான நாற்பத்தைந்து. ஹென்ரிக் அந்த ஒரேயோர் இடத்தில்தான் எங்களை வருடக்கணக்காகப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். சேர்ந்து சூப் குடித்திருந்தால் என்றைக்கோ வெளிவந்திருக்கும்.

டவர் அடியில் தொடர்பு கிடைத்தது. ஆன்யாவை நேரே அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. சாட்சிகளை விசாரிக்க வேண்டியவர் ஹென்ரிக்.

“ஆன்யாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்” என்றேன். “இருபது பாகை எதிலிருந்து என்று.”

அவர் தொலைபேசியைக் கீழே வைக்காமலே அடுத்த அறைக்கு நடந்தார். காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் கேட்பது காதில் விழுந்தது. ஆன்யாவின் குரல் தூரத்தில், “உச்சியிலிருந்து. வேறு எதிலிருந்து?” என்றது.

“நான் தரையிலிருந்து” என்றேன். “அனுப்பியவர்களையும் கேளுங்கள்.”

கேட்டார்கள். அவர்கள் தரையிலிருந்து அளந்திருந்தார்கள். ஆன்யா எண்ணை மாற்றி ஓட்டினாள். அவளுடைய நிரல் வேகமானது என்று சொன்னேனல்லவா; அன்று அதற்காக அவளுக்கு துஆ செய்தேன். காக்கா கோழி வாங்க அவசரப்பட்டுக்கொண்டிருந்தார், கலீல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார், நான் இருக்கையை விட்டு அசையவில்லை. ஹென்ரிக் திரும்ப வந்தார். புகைத்தூண் மேற்கே சாய்கிறது, இரண்டு கணக்கும் ஒன்று, கட்டளையை நிறுத்திவிட்டேன் என்றார்.

மறுநாள் பெருநாள். திடலில் தொழுதுவிட்டு வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் வெட்டிக் கொடுத்தேன். ஒரு துண்டும் எனக்கு இறங்கவில்லை. இரண்டு கணக்கும் சேர்ந்து பிழையாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை. புதுச்சாரம் உடுத்து வாசனை பூசிய காக்கா, “வால்வெள்ளி டொக்டருக்கு என்ன சோகம்?” என்று ஊரெல்லாம் கேட்கக் கேட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின், மதினி கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது ஆன்யாவின் செய்தி வந்தது. கிழவி மறுபக்கத்தில் தலைகாட்டிவிட்டாள், பேசுகிறாள், காற்று அளக்கிறாள்.

நான் மதினியைக் கட்டிப் பிடித்தேன். அவர் கை நிறையச் சவர்க்கார நுரை. “கணக்குச் சரி வந்திட்டா?” என்றார்.

“ஓம் மதினி. சரி வந்திட்டு.”

பின்னாலேயே ஹென்ரிக்கின் செய்தி. பாராட்டாக இருக்கும் என்று திறந்தேன். ‘நாற்பத்தைந்து தவிர்ந்த எல்லாப் பாகைகளிலும் இன்னொரு தடவை ஓட்டுங்கள்’ என்றிருந்தது. விடுமுறை முடிந்து போனபோது முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு மௌலவிக்கு எங்கள் குழுவில் வேலை கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமெடுத்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் நாலு விரல் வந்தது. அவர் தானே முதலில் கையை நீட்டிக் கேட்டார்.

தென்கடலுக்கு மேல் பெரிய எரிகல் வெடித்தது என்று செய்திகளில் ஒரு மூலையில் வந்தது. அடுத்த நாள் கிரிக்கெட். ஊரில் யாருக்கும் அது ஒரு விடயமாகப் படவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வருட மாரியில் ஒரு நாள், நான் வேலையில் இருந்தபோது ஆன்யா ஓடிவந்தாள். கிழவி விரிகுடாவைக் கடந்திருக்கிறாள். எங்கள் கரைக்கு நேரே காற்று வட்டமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. வேறெந்தச் செய்மதியும் அந்த நேரத்தில் அங்கே இல்லை. எச்சரிக்கை போனது. நான் காக்காவுக்கு அழைத்தேன்.

“மெசேஜ் வந்திச்சு” என்றார் எரிச்சலாக. “பள்ளியிலயும் சொல்றாங்க. கடலப் பாரு, எண்ணெ மாதிரிக் கிடக்கு. போட்டத் தள்ளுவம் எண்டு நிக்கன்.”

“போகாதீங்க காக்கா.”

“நீ என்ன அங்க இருந்து கடலப் பாக்கயா?”

“ஓம், பாக்கன். போகாதீங்க.”

என் குரலில் என்ன கேட்டதோ, போட்டைக் கரைக்கு மேலே இழுத்துப்போட்டார். அன்றிரவு புயல் வந்தது. மதிலும் கூரையும் போயின, தென்னைகள் போயின. மறுநாள் அழைத்தபோது, வலை நாசம் என்று ஒரு பாடு திட்டித் தீர்த்தார். அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, அலுவலகக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு என்னைக் கேலி செய்வது அவருக்கு அன்றாடச் சோலியாகிவிட்டது. கடலிலிருந்து வந்து, என் வீட்டு ஹோலில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டுத் தேநீர் குடிப்பார். குடித்துக்கொண்டே கேட்பார்: “இவ்வளவு காலமும் வால்வெள்ளி வால்வெள்ளிண்டு சம்பளம் எடுத்தியே, ஒண்டாவது உருப்படியா உழுந்திச்சா?” இல்லை காக்கா என்பேன். அந்தக் கேள்வியைக் கேட்க அவர் கதிரையில் இருப்பது எனக்குப் போதுமாயிருந்தது.

ஆனால் எழுதி முடித்ததை அச்சுக்கு அனுப்ப முன்னர் அவருக்கு வாசித்துக் காட்டாமல் விடுவது சரியில்லை என்று பட்டது. நேற்றுப் பின்னேரம் முழுவதையும் வாசித்தேன். தேநீர் ஆறிவிட்டது. புயல் வந்த இடத்தில் அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“அந்த மெசேஜ் கிழவிட வேலையா?”

“ஓம் காக்கா.”

“அண்டைக்கு நகர்த்தியிருந்தா?”

“அவ இருந்திருக்க மாட்டா.”

உம்மா போன பிறகு அவர் அழுது நான் கண்டதில்லை. கண்ணைச் சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழும்பினார். நான் மீதியை வாசிக்கவா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையால் காட்டினார். வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

“கலீலுக்கும் இத வாசிச்சுக் காட்டு” என்றார். “நாலு விரல் எண்டு சொன்னது நான்.”